குளக்கரையில் மூன்று பள்ளிகள்

அக்கா இருந்தபோதும் எங்கள் வீட்டில் பெரிதாகச் சத்தம் இருந்ததில்லை. அதனால் அவள் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். குறைந்துபோனது வேறு ஏதோ ஒன்று. சாயங்காலம் அவள் கதவைத் திறக்கும்போது கூடவே கொஞ்சம் தெருக்காற்றும், சாக்பீஸ் தூளின் மணமும், புதன்கிழமையாக இருந்தால் ஈர மணலின் மணமும் உள்ளே வரும். செருப்பைக் கழற்றாமல் சற்று நேரம் வாசலிலேயே நிற்பாள், எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று பார்ப்பதுபோல. "நம்ம வீடுதான், உள்ள வா" என்பேன். "தெரியும்டி" என்பாள். தெரிந்திருக்குமா என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம்.

பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவள் புவியியல் ஆசிரியை. எந்த ஆறு எந்த மலையில் பிறந்து எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் வீட்டுக்கு வரும் பேருந்துக்குப் பதிலாக எதிர்ப்பக்கம் போகும் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி நிறுத்தம் வரை போய்விடுவாள். துணிக்கடைக்குள் ஒரு வாசல் வழியாகப் போய் இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்தால், அதற்குள் ஊரையே யாரோ மாற்றி வைத்துவிட்ட மாதிரி திகைத்து நிற்பாள். அவளைத் தனியாக அனுப்பாதே, நீயும் கூடப் போ என்பது அம்மா எனக்குப் போட்ட நிரந்தர உத்தரவு. நான் அவளைவிட ஆறு வயது சின்னவள். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்தது நான், பிடிக்கக் கொடுத்தது அவள்.

கல்யாணம் செய்துகொண்டு போன வீட்டிலிருந்து ஒருநாள் திரும்பி வந்தாளே, அன்று மட்டும் யார் துணையும் இல்லாமல் நேராக வந்து சேர்ந்தாள். அன்றைக்கு மட்டும் எப்படி வழி தெரிந்தது என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். அன்றைக்கு வழியையே பார்க்கவில்லை, காலை அதன் போக்கில் விட்டேன், வந்துவிட்டது என்றாள். அந்த வீட்டைப் பற்றி அதற்கு மேல் அவள் பேசியதில்லை, நான் கேட்டதும் இல்லை. அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் இந்த இரண்டாம் மாடி வீட்டில் இருந்தோம். நான் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அவளுக்குப் பள்ளி. பள்ளி என்றால் புதன்கிழமை. மற்ற நாள்களெல்லாம் புதன்கிழமைக்குப் போகிற வழி.

அந்தப் பள்ளியில் கேடட் வகுப்பு ஒன்று இருந்தது. உயர்வகுப்புப் பெண்கள் விரும்பினால் சேரலாம். காக்கிச் சீருடை, தொப்பி, பெல்ட், முழங்கால் வரை சாக்ஸ். ராணுவத்தில் என்னென்ன கற்றுக்கொடுப்பார்களோ அதில் துப்பாக்கி இல்லாத பாதியை இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். மைதானத்தில் அணிவகுப்பு, அறைக்குள் வரைபடம் படிப்பது, திசைகாட்டி பார்ப்பது, கயிறு முடிச்சு, கை சமிக்ஞை, முதலுதவி. முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது, வரைபடம் யாருக்குத் தெரியும் என்று ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி வந்ததாம். எல்லோர் தலையும் ஒரே பக்கம் திரும்பியதாம். அந்தப் பக்கத்தில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் ராணுவம் அவளிடம் வந்தது.

இரண்டு வார முகாமுக்கு அனுப்பி, தோளில் ஒற்றை நட்சத்திரம் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். முதல் நாள் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவள் கூடத்தில் நடந்து காட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யாருடைய காலையோ இரவல் வாங்கிக்கொண்டு வந்தவள்போல நடந்தாள். ஆணையிடச் சொன்னால் வேண்டுகோள் விடுப்பாள். அவள் "அட்டென்ஷன்" என்றால் கூப்பிட்டது தன்னைத்தானா என்று பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பார்களாம். அதனால் மைதானம் முழுக்க டிரில் மாஸ்டர் கைக்குப் போயிற்று. படையிலிருந்து ஓய்வு பெற்று சைக்கிளில் வருகிற மனிதர். தொண்டையைக் கனைத்தாலே மைதானத்துப் புறாக்கள் எழுந்து பறக்கும். அறை மட்டும் அக்காவுடையது. மைதானத்தில் உடம்பு நேராகும், அறையில் தலை நேராகும், உங்களுடையதுதான் கஷ்டமான பாதி மேடம் என்று அவர் அக்காவிடம் சொல்வார். பெரிய மரியாதைக்காரர்.

அந்த அறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டுப் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வருடத்துக்கு இரண்டு தடவை என்னைக் கூப்பிடுவாள். காயம்பட்டவளாக அவளே தரையில் படுத்துக்கொள்வாள். பிள்ளைகள் அவளுடைய தலை முதல் கால் வரை துணி சுற்றி முடிக்கும்போது பாதி நாள் தூங்கியே போயிருப்பாள். அறை பழைய சாமான் அறை. ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும். மதிய வெயில் சாய்வாக இறங்கி நடுவில் இருந்த மேஜைமேல் மட்டும் விழும். தகரம் அடித்த பெரிய மேஜை, அது நிறைய மணல். செவ்வாய்க்கிழமை மாலையே அதில் தண்ணீர் தெளித்து வைத்துவிடுவாள். வரைபடத்தை விரித்து, அதில் இருக்கிற மலையையும் பள்ளத்தையும் பிள்ளைகள் அந்த ஈர மணலில் கையால் எழுப்ப வேண்டும். ஆறு என்றால் நீல நூல். சாலை என்றால் சாம்பல். மரம் என்றால் துடைப்பத்துக் குச்சி. வீடு என்றால் தீப்பெட்டி.

எழுப்பி முடித்ததும் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வாள். அதுதான் அவளுடைய பாடம். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் அது இல்லை. மூடிய கண்களோடு அவர்கள் நிற்க, அவள் தணிந்த குரலில், நீங்கள் இப்போது பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், தண்ணீர் இடது பக்கத்திலிருந்து வருகிறது, அந்தச் சத்தம் எந்தக் காதில் கேட்கிறது என்பாள். ஒருத்தி இடது காது என்பாள். திரும்பி நில், இப்போது எந்தக் காது என்பாள். மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, உச்சியில் காற்று எங்கே அடிக்கிறது, கீழே தெரிகிற தீப்பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள். ஒருமுறை நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அறை போய்விட்டது, பள்ளி மணி போய்விட்டது. ஏதோ ஒரு மேட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். புல் கணுக்காலில் உரசியது. கண் திறந்தபோது எதிரில் இருந்த பெண்ணும் எங்கிருந்தோ திரும்பி வந்தவள்போல விழித்தாள். வகுப்பில் எப்போதும் தூங்குகிறவள் என்று அவளுக்குத் தூக்கம் என்றே பட்டப்பெயர். இந்த வகுப்பில் மட்டும் அவளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

இப்படி ஒன்பது வருடம் ஓடியது. பிறகு புதுத் தலைமையாசிரியை வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதையும் நேராக்கிப் பார்ப்பவர். நாற்காலி கோணலாக இருந்தாலும் நேராக்குவார், ஆளையும் நேராக்குவார். ஒரு வகுப்புக்கு ஒருவர்தான் பொறுப்பு, வெளியே போகப் பயப்படுகிறவர் எப்படிக் கேடட் அதிகாரியாக இருக்க முடியும் என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. வருடத்துக்கு ஒருநாள் பல பள்ளிகளைச் சேர்த்து வெளிப்பயிற்சி நடக்கும். வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, காட்டுக்குள் ஓர் இடத்தைச் சொல்லி, நேரத்துக்குள் கண்டுபிடித்து வாருங்கள் என்பார்கள். ஒவ்வொரு அணியோடும் அதன் ஆசிரியர் போக வேண்டும். ஒன்பது வருடமும் அக்கா ஏதாவது சாக்குச் சொல்லி டிரில் மாஸ்டரை அனுப்பியிருந்தாள்.

இந்த முறை அவளே போக வேண்டும், நேரத்துக்குள் அணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வகுப்பு அவளுக்கு, இல்லையென்றால் உடற்பயிற்சி ஆசிரியைக்கு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். உடற்பயிற்சி ஆசிரியை கையில் விசிலோடு தயாராக இருந்தார்.

அன்று மாலை அக்கா வாசலில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். பிறகு, மணல் மேஜையை எடுத்துவிட்டு அந்த அறையில் எடை தூக்கும் சாமான் வைக்கப் போகிறார்களாம் என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவள், சமையலறைக்குப் பதிலாகப் படுக்கையறைக்குள் போய் நின்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் திசைகாட்டியை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் நடந்து பழகினோம். அவள் முன்னால், நான் பின்னால், வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். திசைகாட்டியைப் பிடித்தால் நேராகத்தான் போனாள். சிக்கல் என்னவென்றால் நேராக மட்டும்தான் போனாள். ஒருநாள் யாருடைய வீட்டுக் கொல்லைக்குள்ளோ நுழைந்துவிட்டோம். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர், ஈரச் சட்டையும் கையுமாக, யார் வேணும் உங்களுக்கு என்று கேட்டார். அக்கா ஊசியைப் பார்த்தபடியே, "வடமேற்கு" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, அப்படி யாரும் இந்தத் தெருவில் குடியில்லை அம்மா, பின்தெருவில் கேட்டுப் பாருங்கள் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவளும் சிரித்தாள். இரவு சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைங்க முன்னாடி இப்படி ஆச்சுன்னா என்னடி பண்றது என்று கேட்டாள். நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

பயிற்சிக்கு முந்தின புதன்கிழமை, அந்தக் காட்டின் வரைபடத்தை வைத்துப் பிள்ளைகள் அதை மணல் மேஜையில் எழுப்பிப் பார்த்தார்கள். அதே வாரம் எல்லாப் பள்ளிகளுக்கும் புதுப் பெல்ட் வந்தது. பழைய பெல்ட்டில் பித்தளைக் கொக்கி; எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகவே இருக்கும். புதியதில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று கொக்கி, முகம் பார்த்துத் தலை சீவலாம். அணித்தலைவி நாள் முழுக்கக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்தப் பெண்ணுக்குப் பட்டாசு என்று பெயர். வாயைத் திறந்தால் சரம் முடியும்வரை நிற்காது.

அன்று விடிந்தபோது ஊரே பனிமூட்டத்துக்குள் இருந்தது. முதலுதவிப் பையோடு அணிக்கு ஒருவர் போகலாம் என்பதால் நானும் போயிருந்தேன். காட்டின் விளிம்பில் மூன்று பள்ளிகளும் வரிசையாக நின்றன. அதிகாரி ஒருவர், அமைதியானவர், அணிக்கு ஒரு வரைபடம் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே இடம்தான்: காட்டுக்கு அப்பால், கால்வாய்க் கரையில் இடிந்து கிடக்கிற பழைய பம்ப் ஹவுஸ். பத்து மணிக்குள் வர வேண்டும், நான் அங்கே உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கால் மணி நேரத்துக்கு ஓர் அணியாக அனுப்பினார்கள். நாங்கள் இரண்டாவது.

அந்த நடையை எப்படிச் சொல்வது. மரங்கள் வந்துகொண்டே இருந்தன. முதலில் ஒரு நிழல், பிறகு மரம், பிறகு மறுபடியும் நிழல். எட்டுப் பெண்கள் ஒற்றை வரிசையில். கடைசியில் போகிறவள், தூக்கம் என்கிற அந்தப் பெண், எனக்குப் பத்தடி முன்னால் இருந்தும் பாதி கரைந்துபோயிருந்தாள். கையேட்டில் சொன்னபடி பட்டாசு முழங்கையை உடம்போடு ஒட்டி, திசைகாட்டியை வயிற்றுக்கு நேராகப் பெல்ட்டோடு சேர்த்துப் பிடித்து, ஊசி காட்டிய கோட்டில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்வாள். அந்த மரம் வரை போவோம். அங்கே நின்று அடுத்த மரம். அக்கா அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தாள். யாரும் பேசவில்லை, பட்டாசுகூடப் பேசவில்லை. இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருவருடைய தூக்கத்துக்குள் நாங்கள் அவரை எழுப்பிவிடாமல் நடந்து போகிற மாதிரி இருந்தது எனக்கு. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. அந்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது இருக்கிற முகம்தான் அப்போதும் இருந்தது.

மரங்கள் முடிந்தன. முன்னால் வெள்ளையாக, தட்டையாக, அசையாமல் எதுவோ விரிந்து கிடந்தது. இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் பட்டாசு தண்ணீரில் இறங்கியிருப்பாள். அது ஒரு குளம்.

குளக்கரையில் எங்களுக்கு முன்னால் கிளம்பிய பள்ளி, பைகளை இறக்கிவைத்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அதன் ஆசிரியர் பெரிய மீசைக்காரர். வாங்க வாங்க, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க என்று வீட்டுக்காரர் மாதிரி வரவேற்றார். பம்ப் ஹவுஸ் எங்கே என்று அக்கா கேட்டதற்கு, பழைய கட்டடம்தானே, இடிந்து தண்ணீருக்குள் போயிருக்கும் என்றார். அதிகாரி எங்கே என்று கேட்டதற்கு, பனியில் அவருக்கு வழி தெரிந்திருக்காது என்றார். சிறிது நேரத்தில் மூன்றாவது பள்ளியும் மரங்களுக்கு இடையிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தது. அவர்கள் ஆசிரியருக்கு எங்கள் இரண்டு பள்ளிகளையும் பார்த்ததும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூன்று பள்ளிகளும் மூன்று திசைகாட்டிகளும் ஒன்றுபோல ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன; இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று மீசைக்காரர் எல்லோருக்கும் ரொட்டி கொடுத்தார்.

அக்கா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டாசு மெல்ல அவள் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், நம்ம மணல் மேஜைல குளம் இருந்துச்சு இல்ல? ஆனா அது கோட்டுக்கு வலது பக்கம்ல இருந்துச்சு. நம்ம அது மேல வரவே கூடாதே."

"ஆமா" என்றாள் அக்கா. "நம்ம தொலைஞ்சு போயிட்டோம்."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனால் பனியில் சொல் வெகுதூரம் போகும். மீசைக்காரர் எழுந்து வந்து அவளைத் தள்ளி அழைத்துப் போனார். நல்ல மனதோடுதான் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், தப்பாவே இருக்கட்டும். மூணு பேரும் ஒண்ணா தப்பு பண்ணா அது நம்ம தப்பு இல்ல, ஏற்பாடு பண்ணவங்க தப்பு. ரத்து பண்ணிட்டு இன்னொரு நாள் வைப்பாங்க. நீங்க மட்டும் தனியா கிளம்பிப் போய் எங்கயாவது மாட்டிக்கிட்டா, அது உங்க தப்பு. புரியுதா?"

அக்காவுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. உட்கார்ந்திருந்தால் வகுப்புக்கு ஒன்றும் ஆகாது; இன்னொரு நாள் கிடைக்கும். எழுந்து போய் வழி தவறினால், பனிக்குள் எட்டுப் பிள்ளைகளைத் தொலைத்தவள் என்ற பெயர் வரும். பிறகு அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. நான் அவள் கையைப் பிடித்தேன். உட்கார் என்று சொல்லத்தான் பிடித்தேன். அவளோ என் உள்ளங்கையில் ரொட்டியை வைத்துவிட்டு அணியைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்குத் தொலைஞ்சு போறது புதுசு இல்ல" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். "அதுல ஒண்ணும் பயம் இல்ல. எங்க இருக்கோம்னு தெரியாம இருக்கலாம். தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கக் கூடாது. எல்லாரும் கண்ண மூடுங்க."

எட்டுப் பேரும் குளத்துப் பக்கம் திரும்பி நின்று கண்ணை மூடினார்கள். மற்ற பள்ளிகளின் பிள்ளைகள் வாயில் ரொட்டியோடு வேடிக்கை பார்த்தார்கள். அக்கா வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டாள்: மேஜையில் நீல நூல் குளத்தின் எந்த மூலையிலிருந்து கிளம்பியது, எங்கே போனது. குளத்திலிருந்து கால்வாய் கிளம்பிப் பம்ப் ஹவுஸுக்குப் போகிறது என்றாள் ஒருத்தி. அப்படியானால் தண்ணீர் எங்கேயோ விழுந்தாக வேண்டும், கேளுங்கள் என்றாள் அக்கா.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ இருமினார்கள். பிறகு தூக்கம், கண்ணைத் திறக்காமலே, கையை மெதுவாகத் தூக்கி இடது பக்கம் நீட்டினாள். அதன் பிறகுதான் எனக்கும் கேட்டது. துணி கசக்குவதுபோல, தொலைவில் ஒரு சின்னச் சத்தம்.

கரையோடு நடந்து போனோம். மதகு ஒன்று இருந்தது. அதன் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வரைபடத்தையும் யாரும் பார்க்கவில்லை, திசைகாட்டியையும் பார்க்கவில்லை. தண்ணீர் போன பக்கம் போனோம். பனி மெதுவாக மேலே எழுந்தது. முதலில் கால்கள், பிறகு இடுப்பு, பிறகு முகம் என்று அணியில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரியத் தொடங்கினார்கள். கால்வாய் எவ்வளவோ வளைந்தது. நேராகப் போகத்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்த என் அக்கா, ஒவ்வொரு வளைவிலும் தண்ணீரோடு சேர்ந்து வளைந்து போனாள். தூக்கம் முனகலாக ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். பட்டாசு மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள்.

பம்ப் ஹவுஸின் இடிந்த சுவர்மேல் அதிகாரி ஃபிளாஸ்க்கோடு தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டியிருந்தது. ஒருத்தரும் வரலையேன்னு நானே தொலைஞ்சுபோயிட்டேனோன்னு பார்த்தேன் என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்கள் குளக்கரையில் இருப்பதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. ஒரு பள்ளி வழி தவறலாம், மூன்றும் எப்படி ஒரே பக்கம் தவறும் என்று பட்டாசைக் கூப்பிட்டுத் திசைகாட்டியைப் பிடித்துக் காட்டச் சொன்னார். அவள் கையேட்டில் உள்ளபடி அச்சாகப் பிடித்தாள். அவர் தன்னுடையதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இரண்டு ஊசியும் வேறு வேறு வடக்கைக் காட்டின.

அவர் பார்வை ஊசியிலிருந்து அவள் கொக்கிக்கு இறங்கியது. பிறகு, பெல்ட்டைக் கழற்று அம்மா என்றார். அவள் புதுக் கொக்கியை அவிழ்த்து, பெல்ட்டைத் தூர வைத்தாள். ஊசி அசைந்தது. தூக்கத்தில் ஒருவர் மறுபக்கம் புரண்டு படுப்பதுபோல மெல்லத் திரும்பி, நின்றது. பித்தளை என்று நினைத்து எல்லோரும் பளபளக்கத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்தது, மேலே முலாம் பூசிய இரும்பு.

தவறு யாருடையது என்று தெரிந்தும் கணக்கு மாறவில்லை. குளக்கரையில் இருந்த இரண்டு பள்ளிகளையும் ஜீப் போய் அழைத்து வந்தது. அவர்கள் பயிற்சியை முடிக்கவில்லை என்பதால் இன்னொரு நாள் கொடுத்தார்கள். நாங்கள் முடித்துவிட்டோம். முடித்தவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது, நேரத்துக்கு மேல் வந்தது மட்டும்தான் பதிவாகும் என்று அதிகாரி மிகவும் சங்கடத்தோடு சொன்னார். போகும்போது மீசைக்காரர் அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் சொன்னேன்ல என்கிற மாதிரியும் இருந்தது, தொப்பியைத் தொடுகிற மாதிரியும் இருந்தது.

திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, காக்கிச் சீருடையில் கிளம்பிய அக்காவோடு பள்ளிக்குப் போனேன். அவள் தலைமையாசிரியை அறைக்குள் போக, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எழுந்து போய்க் கொஞ்சம் திறந்திருப்பேன். தலைமையாசிரியை கோபமாகப் பேசவில்லை. அதிகாரியே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார் என்றார். குளக்கரையிலேயே இருந்திருந்தால் உங்களுக்கும் இன்னொரு நாள் கிடைத்திருக்குமே, ஒருவர் எடுத்துச் சொல்லியும் ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்டார்.

"பிள்ளைங்க அது குளம்னு கண்டுபிடிச்சிட்டாங்க மேடம்" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் அங்க உக்காந்துட்டு, இதுதான் பம்ப் ஹவுஸ்னு நான் எப்படி அவங்க மூஞ்சியப் பாக்கறது?"

உள்ளே நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது, எதையோ நேராக்கினார்போலும். பிறகு அவர் குரல் தணிந்துவிட்டது. எனக்கு வார்த்தைகள் பிடிபடவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் தொடங்கியதிலிருந்து அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஆசை அந்தச் சாமான் அறைதான் என்பது எனக்குத் தெரியும். வெளியே வந்ததும் என்ன சொல்லித் தேற்றுவது என்று ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்து, ஒன்றும் உதவாது என்று கீழே வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வெளியே வந்தாள். தோளில் இருந்த நட்சத்திரம் இல்லை. அதைக் கழற்றின இடத்தில் துணி மட்டும் கொஞ்சம் கருப்பாகத் தெரிந்தது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன். அவள் என்னைத் தாண்டி மைதானத்தைப் பார்த்தாள். அங்கே உடற்பயிற்சி ஆசிரியை, ஓங்கி வளர்ந்த பெண்மணி, வலைப்பந்துக் கம்பத்தின் வலையை ஏணி இல்லாமலே கட்டிக்கொண்டிருந்தார்.

"பொறுப்பு இனி அவங்களுக்கு" என்றாள். "மைதானம், முகாம், எல்லாம்."

"அறை?" என்றேன்.

"அவங்களுக்கு மேப் படிக்கத் தெரியாதாம்டி. புதன்கிழமை பிள்ளைங்களோட வந்து என்கிட்ட கத்துக்கறேன்னு அவங்களே கேட்டாங்களாம்." அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னும் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க நிக்க வைக்கறதுன்னுதான் தெரியல. முன்னாடி நின்னா பின்னால இருக்கற பிள்ளைங்களுக்கு ஒரு மலைகூடத் தெரியாது."